காய்ச்சலும் வெப்பத்தாக்கும்: உடல்வெப்ப ஒழுங்கில் மூளை வேதிப்பொருள்களின் பங்கு – கீழ்பென்னாத்தூர் வேளாண் தொழிலாளர் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உடலின் வெப்பநிலை உயர்வதற்கு இரண்டு வேறுபட்ட வழிகள் உள்ளன. நோய்த்தொற்றின்போது மூளையே வெப்பநிலையை உயர்த்துமாறு ஆணையிடுகிறது. கோடை வெயிலில் உழைப்பவரிடத்தோ மூளை வெப்பநிலையைக் குறைக்க முயன்றும் உடல் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் போகிறது. இரண்டிலும் வெப்பமானி காட்டும் எண் ஒன்றாக இருக்கலாம். மூளையில் நிகழும் வேதிவினை ஒன்றன்று. இவ்வேறுபாட்டைப் புரோஸ்டாகிளாண்டின், குளூட்டமேட், காபா, அசிட்டைல்கோலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்களின் செயற்பாட்டின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தின் கோடைக்கால வேளாண் உழைப்பு இதற்குரிய களச்சூழலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: உடல்வெப்ப ஒழுங்கு, ஹைப்போதலாமஸ், நரம்புக் கடத்திகள், புரோஸ்டாகிளாண்டின், அசிட்டைல்கோலின், வெப்பத்தாக்கு, கீழ்பென்னாத்தூர்

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூராட்சி கீழ்பென்னாத்தூர். வட்டத் தலைநகரமாகவும் விளங்கும் இவ்வூரைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைகின்றன. நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்பர். நவரை நெல் அறுவடையும் இறவை மல்லாட்டை பிடுங்கும் வேலையும் பங்குனி, சித்திரை மாதங்களில் வருகின்றன. அதே பருவத்தில்தான் நூறுநாள் வேலையில் ஏரி, கால்வாய்களைத் தூர்வாரும் பணியும் நடைபெறுகிறது. ஆண்டின் கொடிய வெயிலும் மிகுந்த உடலுழைப்பும் ஒரே நேரத்தில் கூடுவதைத் தவிர்க்க இயலாத வாழ்க்கை இது.

இச்சூழலில் வயலில் ஒருவர் தளர்ந்து விழுகிறார். உடல் அனலாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. அருகிலிருப்போர் தொட்டுப் பார்த்துக் 'காய்ச்சல் அடிக்கிறது' என்கின்றனர். நிழலில் படுக்கவைத்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கின்றனர். இச்செயலில் அன்பு உண்டு, ஆனால் பயன் இல்லை. ஏன் பயனில்லை என்பதற்கான விடை, மூளையின் அடிப்பகுதியில் அமைந்த ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியில் இருக்கிறது.

உடலின் வெப்பக் கணக்கு

ஓய்விலிருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மண்வெட்டி பிடித்து வேலை செய்யும்போது இது 300 வாட்டுக்கு உயர்கிறது. 60 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர 210 கிலோஜூல் வெப்பம் போதும். ஆகவே உண்டாகும் வெப்பம் சிறிதும் வெளியேறாமல் உள்ளேயே தங்குமாயின், ஓய்விலிருப்பவருக்கு 35 நிமிடத்தில் ஒரு பாகை ஏறும். உழைப்பவருக்குப் பன்னிரண்டு நிமிடத்திற்குள் ஏறிவிடும். 37 பாகையிலிருந்து 40 பாகையை எட்ட முக்கால் மணிநேரம்கூடத் தேவையில்லை. வெயில் நேரடியாக உடலில் ஏற்றும் வெப்பம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

சுற்றுப்புறக் காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரை வெப்பம் தானாகவே வெளியேறும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. காற்று அதனினும் சூடாகிவிட்டால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாயத் தொடங்குகிறது. அப்போது எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 300 வாட் உழைப்பாளி தாமே உண்டாக்கும் வெப்பத்தைப் போக்குவதற்கு மட்டும் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டி மண்ணில் விழும் வியர்வை கணக்கில் சேராது. 40 பாகை வெயிலில் ஒருவரது உயிர் வியர்வைச் சுரப்பிகளையும் அவற்றை இயக்கும் வேதிப்பொருளையும் நம்பியே நிற்கிறது.

ஃபெல்ட்பெர்க்கின் இரு ஆய்வுகள்

அந்த வேதிப்பொருள் எது என்பதை 1934ஆம் ஆண்டு ஹென்றி டேல், வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். யூதர் என்பதற்காக 1933இல் பெர்லினில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஃபெல்ட்பெர்க், இலண்டனில் டேலின் ஆய்வகத்தில் இடம்பெற்றார். பூனையின் பாதத்திலுள்ள வியர்வைச் சுரப்பிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலின் வகைப் பொருளையே வெளியிடும். வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்புகளோ அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன என்பது அவர்களின் முடிவு. பாடநூல்களில் ஒரு விதிவிலக்காக மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் இச்செய்தி, கோடைக்கால மருத்துவத்தில் எத்துணை முதன்மையானது என்பது பின்னர் விளங்கும்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1963இல் ஃபெல்ட்பெர்க் மையர்ஸ் என்பாருடன் இணைந்து மூளையின் பக்கம் திரும்பினார். பூனையின் மூளை அறைகளில் செரட்டோனினைச் செலுத்தியபோது உடல்வெப்பம் உயர்ந்தது. நார்அட்ரினலினைச் செலுத்தியபோது தாழ்ந்தது. இவ்விரண்டின் சமநிலையே உடல்வெப்பத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் முன்மொழிந்தனர். எளிமையும் அழகும் வாய்ந்த கோட்பாடு. ஆனால் முயலில் இதே ஆய்வு முற்றிலும் நேர்மாறான விளைவைத் தந்தது. ஒரு வேதிப்பொருளுக்கு ஒரு விளைவு என்னும் சமன்பாடு அத்துடன் தளர்ந்தது. எந்தப் பொருள் சுரக்கிறது என்பதைவிட எந்த நரம்பணுவின் எந்த ஏற்பியில் அது படிகிறது என்பதே முதன்மையானது என்ற தெளிவு பின்னர் ஏற்பட்டது. 'செரட்டோனின் கூடினால் சூடு, டோபமின் கூடினால் குளிர்ச்சி' என்பன போல இன்றும் பொதுவெளியில் உலவும் வாய்பாடுகள் அக்காலத்திலேயே கைவிடப்பட வேண்டியவை.

தடுத்தலால் இயங்கும் ஒழுங்கு

தோலிலுள்ள நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஏற்பிகள் உள்ளன. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் படியும் ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலும் அதே ஏற்பி விழித்துக்கொள்கிறது. காரம் தின்றால் நெற்றி வியர்ப்பதும் 'எரிகிறது' என்று நாம் சொல்வதும் இதனால்தான். இத்துறைப் பணிக்காக ஜூலியஸுக்கும் ஆர்டெம் படப்பூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தோலில் எழும் சமிக்ஞை தண்டுவடம் ஏறி, மூளைத்தண்டைக் கடந்து, ஹைப்போதலாமஸின் முன்பகுதியான முன்பார்வைப் பகுதியை அடைகிறது. இப்பாதையில் செய்தியைக் கடத்துவது குளூட்டமேட். முன்பார்வைப் பகுதி தன்னளவிலும் சூட்டை உணரவல்லது. பூனையின் மூளையில் இப்பகுதியை மட்டும் சூடாக்கினால் உடல் குளிர்ந்திருந்தும் அது இரைக்கத் தொடங்குகிறது என்பதை மெகூனும் அவர் குழுவினரும் 1938இலேயே காட்டினர். தோலின் செய்தியும் இரத்தத்தின் சூடும் இவ்வாறு ஓரிடத்தில் ஒப்புநோக்கப்படுகின்றன.

இங்கிருந்து கீழிறங்கும் ஆணையின் இயல்பு வியப்புக்குரியது. உடலில் வெப்பத்தை உண்டாக்கும் நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸின் பின்பகுதியிலும் மூளைத்தண்டின் நடுக்கோட்டிலும் உள்ளன. நடுக்கம், தோலின் குருதிக்குழாய்ச் சுருக்கம், பழுப்புக் கொழுப்பின் எரிப்பு ஆகியவற்றை அவையே தூண்டுகின்றன. முன்பார்வைப் பகுதி காபா என்னும் தடுப்புக் கடத்தியின் வாயிலாக அவற்றை ஓயாது அடக்கி வைக்கிறது. சூடு ஏறினால் அடக்குதல் வலுக்கிறது, குருதிக்குழாய்கள் விரிகின்றன. குளிர் தாக்கினால் பிடி தளர்கிறது, நடுக்கம் தொடங்குகிறது. கவலையேற்றம் இறைக்கும்போது மாட்டைப் பின்னே வரவிடுவதும் தும்பைப் பிடித்து நிறுத்துவதுமே வேலையாக இருப்பதுபோல, இங்கும் பிடியை விடுவதே ஆணையாகிறது.

காய்ச்சல்: மூளையே ஏற்றும் சூடு

நோய்க்கிருமி புகும்போது வெள்ளணுக்கள் சில புரதங்களை வெளியிடுகின்றன. அவை மூளையின் குருதிக்குழாய்ச் சுவர்களைத் தூண்டிப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் கொழுப்புவகைப் பொருளை உண்டாக்குகின்றன. இது முன்பார்வைப் பகுதி நரம்பணுக்களின் ஈ.பி.3 ஏற்பியில் படிந்து, மேலே சொன்ன தடுப்பைத் தளர்த்துகிறது. இந்த ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்குக் காய்ச்சல் வருவதில்லை என்பது 1998இல் நிறுவப்பட்டது.

தடுப்பு தளர்ந்ததும் 37 பாகையிலுள்ள உடலை மூளை 'குளிர்ந்த உடல்' எனக் கொள்கிறது. குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, கைகால் சில்லிடுகின்றன, பல் கிட்டுகிறது, நோயாளி போர்வை கேட்கிறார். 'குளிர்காய்ச்சல்' என்னும் தமிழ்ச்சொல் இந்த முரணைத் துல்லியமாகப் பற்றியுள்ளது.

இவ்வேதிப்பொருளின் பங்கை 1970இல் மில்டனும் வெண்ட்லாண்டும் பூனைகளைக் கொண்டு காட்டினர். மூளை அறைக்குள் புரோஸ்டாகிளாண்டினை நேரடியாகச் செலுத்தியபோது காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலைப் பாராசிட்டமால் தணிக்கவில்லை. கிருமிப்பொருளால் வரும் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து, புரோஸ்டாகிளாண்டினால் வரும் காய்ச்சலைத் தணிக்கவில்லை என்றால், அம்மருந்து புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத்தான் தடுக்கிறது. உண்டானபின் அதன் செயலைத் தடுப்பதில்லை என்றாகிறது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என ஜான் வேன் 1971இல் காட்டினார். மறுஆண்டில் அவரும் ஃப்ளவரும் பாராசிட்டமால் மூளைத்திசுவில் அவ்வுற்பத்தியைச் சிறப்பாகத் தடுப்பதைக் கண்டனர்.

எனவே பாராசிட்டமால் என்பது சூட்டைத் தணிக்கும் மருந்து அன்று; சூட்டை ஏற்றுமாறு மூளைக்கு வரும் ஒரு குறிப்பிட்ட ஆணையை நீக்கும் மருந்து. அந்த ஆணை இல்லாதவிடத்து அதற்கு வேலையும் இல்லை.

வெப்பத்தாக்கு: ஆணை மீறிய சூடு

வயலில் விழுந்தவரின் மூளை சூட்டை ஏற்றச் சொல்லவில்லை. தடுப்பு முழு வலிமையுடன் செயல்படுகிறது, குருதிக்குழாய்கள் விரிந்துள்ளன, வியர்வைச் சுரப்பிகளுக்கு இடையறாது ஆணை செல்கிறது. ஆனால் நீர் குறைந்துவிட்டது. வியர்த்து வியர்த்து இரத்தத்தின் உப்புச்செறிவு கூடும்போது தாகம் தூண்டப்படுகிறது. உடன்நிகழ்வாக வியர்வை தொடங்கும் வெப்பநிலையும் மேலே தள்ளப்படுகிறது. இருக்கும் நீரைக் காப்பதா, உடலைக் குளிர்விப்பதா என்ற போட்டியில் மூளை நீரின் பக்கம் சாய்கிறது. விரிந்த தோல்குழாய்களுக்கே குருதி பெருமளவு சென்றுவிடுவதால் குடலுக்கும் பிற உறுப்புகளுக்கும் அது குறைகிறது. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, நினைவு தடுமாறினாலோ வலிப்பு கண்டாலோ அது வெப்பத்தாக்கு எனப்படும்.

இங்கே பாராசிட்டமால் நீக்குவதற்குரிய ஆணை இல்லை. அதற்கும் மேலாக, வெப்பத்தால் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடிய கல்லீரலின் மீது அது ஒரு சுமையாகலாம். முற்றிய நிலையில் குடற்கிருமிகளின் நச்சு குருதியில் கலந்து அழற்சிப் புரதங்களும் உயர்வதுண்டு; அவ்வகையில் காய்ச்சலின் வேதிவினை சிறிதளவு கலந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் மருத்துவ நடைமுறையை அது மாற்றவில்லை. உடலைப் புறத்திலிருந்து குளிர்வித்தலே மருந்து.

தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வீட்டிற்குள் வெப்பத்தில் அடைபட்ட முதியோரிடம் அது பெரும்பாலும் பொருந்தும். உழைப்பின்போது விழுபவர் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். வியர்வையைக் கண்டு ஆறுதல் கொள்வது ஆபத்து. குழறும் பேச்சே நம்பத்தக்க அறிகுறி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ அரைமணிநேரப் பயணம். வெப்பத்தாக்கில் மூளையைக் காப்பதற்கு மருத்துவ நூல்கள் குறிக்கும் காலஅளவும் ஏறத்தாழ அதே அரைமணிநேரந்தான். எனவே குளிர்வித்தலை மருத்துவமனை வரை ஒத்திப்போட இயலாது. இவ்வட்டார வயல்களில் பம்புசெட்டுத் தொட்டி அரிதான பொருளன்று. நினைவிழந்தவரின் தலை நீருக்கு மேலிருக்குமாறு இருவர் தாங்கிப் பிடித்துத் தொட்டி நீரில் அமர்த்தலாம். அல்லது உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறலாம். 108 வண்டியை அழைப்பதும் இதுவும் ஒருங்கே நடைபெற வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் நீரோ மோரோ புகட்டுதல் கூடாது.

அசிட்டைல்கோலின் அடைபட்டால்

டேலும் ஃபெல்ட்பெர்க்கும் கண்ட விதிவிலக்கு இங்கே திரும்ப வருகிறது. வியர்வைச் சுரப்பியின் ஏற்பியில் அசிட்டைல்கோலின் படிவதைத் தடுக்கும் எந்தப் பொருளும் வெப்பம் வெளியேறும் கடைசி வாயிலை மூடிவிடுகிறது. தரிசுகளில் தானே முளைக்கும் ஊமத்தையின் நஞ்சு இத்தகையது. ஊமத்தை விதை தின்ற குழந்தைக்குத் தோல் வறண்டு சிவந்து உடல் கொதிப்பது இதனாலேயே.

இதன் மறுதலையும் சிற்றூரில் காணக்கூடியதே. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுக்கின்றன. நஞ்சுண்டவர் வியர்வையில் குளிக்கிறார். அதற்கு முறிமருந்தாகத் தரப்படும் அட்ரோபின், ஊமத்தையிலுள்ள நஞ்சின் இனத்தது. அளவு மிகுந்தால் வியர்வை முற்றிலும் நின்றுவிடும். குளிர்சாதனமில்லாத கோடைக்கால வார்டில் அந்நோயாளியின் உடல் தானே சூடேறும். ஒரே வேதிப்பொருளின் மிகையும் தடையும் ஒரே கட்டிலில் நிகழ்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இவை விபத்துகள். நாள்தோறும் மருந்தாகவே இத்தடையை உட்கொள்பவர் நிலை பெரிதும் கவனிக்கப்படவில்லை. மனச்சிதைவு நோய்க்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் முதலிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. இவை டோபமின் ஏற்பிகளைத் தடுத்து மனக்குழப்பத்தைத் தணிக்கின்றன. ஹைப்போதலாமஸின் வெப்ப ஒழுங்கிலும் குறுக்கிடுகின்றன. இவற்றால் வரும் உடல்விறைப்பைப் போக்குவதற்காக டிரைஹெக்ஸிஃபெனிடில் உடன் தரப்படுவது இந்தியாவில் பெருவழக்கு. இது அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தடுப்பது, வியர்வையைக் குறைப்பது. ஒரு மாத்திரை மூளையின் ஒழுங்கைத் தளர்த்த, மறு மாத்திரை தோலின் வாயிலை அடைக்கிறது. நோய் தணிந்து வேலைக்குத் திரும்பியவர், அதாவது மருத்துவம் வெற்றிபெற்றவரே, வெயிலில் மண்வெட்டியுடன் நிற்கிறார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 ஜூன் இறுதியில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் உயிரிழந்தனர். அம்மாகாணத்தின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டபோது, இறப்புடன் மிக வலுவாகத் தொடர்புற்றிருந்த நாட்பட்ட நோய்களுள் மனச்சிதைவு முன்னிற்பது தெரியவந்தது. தனிமை, வறுமை, மருந்து ஆகிய மூன்றும் இதில் பின்னியுள்ளன. மருந்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எளிதன்று. எனினும் வேதியியல் காட்டும் திசையும் புள்ளிவிவரம் காட்டும் திசையும் ஒன்றே.

இதனால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது பொருளன்று. நிறுத்தினால் நோய் திரும்பும். அதன் கேடு பெரிது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே மாத்திரை பெறுவோருக்குப் பங்குனி தொடங்கும்போதே நண்பகல் உழைப்பைத் தவிர்க்குமாறு கூறலாம். மருந்தின் அளவை மருத்துவர் மறுநோக்கலாம். 2021 முதல் வீடுதோறும் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளைக் கொண்டுசேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் இச்செய்தியைச் சொல்வதற்கு ஏற்றவர்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்போருக்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

சொல்லும் பதிவும்

இச்சிக்கலில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 'காய்ச்சல்' என்னும் சொல் காய்தலை அடியாகக் கொண்டது; சூட்டின் காரணத்தை அது சுட்டுவதில்லை. நோயைக் குறிக்கும் 'சுரம்' வடமொழி ஜ்வரத்தின் தமிழ் வடிவம்; சங்க இலக்கியப் பாலைவழியைக் குறிக்கும் 'சுரம்' வேறு சொல். இரண்டும் ஒலியால் ஒன்றுபட்டது தற்செயல். பாலைவழி நடந்தவரைத் தாக்கிய சூடு நோய்ச்சுரம் அன்று. அண்மைக்காலத்தில் இணையப் பக்கங்களிலும் செய்திகளிலும் வழங்கும் 'வெப்பப் பக்கவாதம்' என்னும் மொழிபெயர்ப்பு தவறான எண்ணத்தை விளைவிப்பது. கைகால் இழுக்கவில்லையே என்று எண்ணி ஒருவர் காத்திருப்பாராயின் அக்காத்திருப்பே உயிரைப் பறிக்கும். 'வெப்பத்தாக்கு' என்பதே இக்கட்டுரையில் ஆளப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்பின் காரணம் வெப்பமே என்று நிறுவுதல் எளிதன்று. வெப்பத்தாக்கை மட்டுமே தனித்துக் காட்டும் தடயம் எதுவும் உடற்கூறாய்வில் கிடைப்பதில்லை. கோவிட் காலத்தில் பரவிய, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி தோலின் சூட்டையே அளக்கிறது. அக்குளில் வைக்கும் வெப்பமானியும் உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும். மலக்குடல் வழியே அளந்த வெப்பநிலை, அளந்த நேரம், விழுந்தபோது செய்துகொண்டிருந்த வேலை, நினைவின் நிலை, உட்கொண்டுவந்த மாத்திரைகளின் பெயர் ஆகிய ஐந்தும் முதலில் பார்க்கும் செவிலியரின் பதிவேட்டில் ஏறாவிடில், அவ்விறப்பு 'காய்ச்சல்' என்றோ 'மாரடைப்பு' என்றோ எழுதப்பட்டுவிடும்.